பிறர் முடி

திருமலைக்குப் போய் மொட்டை போட்டுத் திரும்புகிறவர்களில் பலருக்கு அந்த வழக்கத்தின் பின்னால் சொல்லப்படும் கதை தெரியாது. புற்றுக்குள் இருந்த சீனிவாசனுக்குப் பசு ஒன்று நாள்தோறும் வந்து பால் சொரிந்துவிட்டுப் போகிறது. மடி வற்றி வரும் பசுவைச் சந்தேகப்பட்டுப் பின்தொடர்ந்த இடையன் ஆத்திரத்தில் கோடரியை ஓங்க, பசுவைக் காக்க எழுந்த பெருமாளின் தலையில் அடி விழுகிறது. காயம் ஆறிய இடத்தில் முடி முளைக்கவில்லை. கந்தர்வ இளவரசியான நீலாதேவி அதைக் கவனித்துவிடுகிறாள். இப்படிப்பட்ட முகத்துக்கு இந்தக் குறை இருக்கலாகாது என்று தன் கூந்தலில் ஒரு கொத்தை அறுத்து அந்த இடத்தில் பொருத்துகிறாள். என் பக்தர்கள் காணிக்கையாகத் தரும் முடியெல்லாம் இனி உன்னைச் சேரும் என்று பெருமாள் அவளுக்கு வாக்குக் கொடுக்கிறார். ஏழு மலைகளில் ஒன்றான நீலாத்ரி அவள் பெயரைச் சுமந்து நிற்கிறது.

தெய்வத்தின் வீரத்தைப் பாடுவது எளிது, அழகைப் பாடுவதும் எளிது. தெய்வத்தின் தலையில் ஒரு சொட்டை இருந்தது, அதை ஒரு பெண் தன் முடியால் மூடினாள் என்று சொல்வதற்கு ஒரு பக்குவம் வேண்டும். அந்தக் கதையைக் கட்டியவர்களுக்கு அது இருந்திருக்கிறது. கதைக்குள் யாரும் சிரிக்கவில்லை. கொடுத்தவளுக்கும் மரியாதை, வாங்கி அணிந்தவருக்கும் மரியாதை. மனிதர் விஷயத்தில் மட்டும் இந்த இரண்டு மரியாதையும் எங்கே போயின என்பது என்னை வெகுகாலமாக உறுத்துகிற கேள்வி.

உறுத்தக் காரணம் உண்டு. முப்பது வயதைத் தாண்டியதிலிருந்து நான் பிறர் முடியைத் தலையில் வைத்துக்கொண்டு நடமாடுகிறவன். பெரிய முதலியார்சாவடியில் குடியிருக்கிறேன். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, அடுத்தது எங்கள் ஊர். சாலைக்குக் கிழக்கே கடலும் மீனவர் வீடுகளும். மேற்கே ஆரோவில்லுக்கு ஏறும் செம்மண் மேடு. பிழைப்புக்கு மரக்காணம் உப்பளப் பக்கம் பைக்கில் போய் வருகிறேன். கடற்காற்று, ஹெல்மெட், வியர்வை, உப்பு நான்கும் ஒட்டுமுடிக்கு எதிரிகள். அந்த நான்கோடும்தான் என் அன்றாடம் கழிகிறது.

எங்கள் பக்கத்தில் யாருக்கு முடி கொட்டினாலும் முதல் பழி தண்ணீர் மேல்தான். கடலோரக் கிணறுகளிலும் போர்வெல்லிலும் உப்பு ஏறுவது இங்கே பழைய கவலை. அதனால் அந்தப் பேச்சு எடுபடுகிறது. உப்புத் தண்ணீர் முடியை வறட்டும், சொரசொரப்பாக்கும், அது உண்மை. ஆனால் நெற்றியின் இரு பக்கமும் உள்வாங்கி, உச்சியில் வட்டமிட்டு, கடைசியில் காதுக்கு மேலும் பிடரியிலும் மட்டும் முடியை விட்டுவைக்கும் ஆண் வழுக்கை தண்ணீரால் வருவதல்ல. ஆண் ஹார்மோனிலிருந்து உண்டாகும் டிஹெச்டி என்ற பொருளுக்குப் பரம்பரையாகவே கூச்சப்படும் வேர்க்கால்கள் சிலருக்கு உண்டு. அவை ஒவ்வொரு சுற்றிலும் சுருங்கி, முதலில் மெல்லிய முடியையும் பிறகு பூனைமுடியையும் முளைக்கவிட்டு ஓய்கின்றன. பிடரி முடிக்கு அந்தக் கூச்சம் இல்லை. அதனால்தான் அங்கிருந்து எடுத்து முன்னால் நடுகிறார்கள். மினாக்சிடில் என்ற தடவும் மருந்துக்கு அமெரிக்காவில் 1988-இல் அனுமதி கிடைத்தது. ஃபினாஸ்டெரைடு மாத்திரைக்கு வழுக்கை மருந்தாக 1997-இல் அங்கே அனுமதி கிடைத்தது. இரண்டுமே இருப்பதைக் காப்பதில்தான் கெட்டி. நிறுத்தினால் பலன் போய்விடும். நான் இரண்டையும் பார்த்துவிட்டேன். அந்தக் கதையில் சொல்ல அதிகமில்லை.

ஒட்டுமுடியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் அணிகிறவர்கள் யாரும் வாய் திறப்பதில்லை. விளம்பரங்களில் ஹேர் ஃபிக்ஸிங் என்கிறார்கள், கடைக்குள் போனால் பேட்ச். முதலில் தலையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, டேப்பால் இறுக்கி, முடி இல்லாத பகுதியை மார்க்கர் பேனாவால் வரைந்து அச்சு எடுப்பார்கள். அந்த அளவுக்கு ஓர் அடித்துணி. லேஸ் என்றால் கொசுவலையைவிட நுணுக்கமான கண்கள் கொண்ட வலை, காற்று போகும், சீக்கிரம் கிழியும். மோனோ தடித்த இழை, உழைக்கும். ஸ்கின் என்று சொல்லும் பாலியூரித்தேன் ஏடு தோலோடு தோலாகப் படியும், ஆனால் எங்கள் வெயிலில் அடியில் வியர்வை கட்டும். இந்த அடித்துணியில் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக, சில இடங்களில் இரண்டிரண்டாக, முடிச்சுப் போட்டு ஏற்றுகிறார்கள். ஒரு தலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். கறுப்பு முடிச்சு கரும்புள்ளியாகத் தெரியும் என்பதால் முன்வரிசை முடிச்சுகளை மட்டும் பிளீச் செய்து வெளுக்க வைப்பார்கள். அப்போதுதான் முடி தோலிலிருந்து முளைத்ததாகத் தோன்றும்.

இயற்கையாகத் தெரிய வைப்பது எது? நான் கண்டவரை, குறைகள்தான். புதிதாகப் போடுகிறவர்கள் எல்லாரும் பதினெட்டு வயதில் இருந்த முடியைக் கேட்கிறார்கள். நெற்றியில் கோடு கிழித்தது போன்ற எல்லை, அடர்த்தி, கன்னங்கறுப்பு. அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால் பத்தடி தூரத்தில் தெரிந்துவிடும். உயிருள்ள தலையில் முன்னெல்லை நேராக இராது. ஒரு பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கும், ஓரத்தில் குட்டை முடிகள் சிதறிக் கிடக்கும், நெற்றியில் அடர்த்தி குறைந்து பின்னால் போகப் போகக் கூடும். நாற்பது வயதுக்காரனின் பக்கவாட்டில் நரை இருந்து உச்சியில் நரையே இல்லையென்றால் கண் அங்கேதான் போய் நிற்கும். தேர்ந்த கடைக்காரர் நூற்றுக்குப் பத்தோ பதினைந்தோ நரை முடி கலந்து கொடுப்பார். நெற்றியை இளமையில் இருந்ததைவிட ஒரு விரற்கடை மேலே தள்ளியே வைப்பார். எனக்குப் பேட்ச் போடுபவர் முதல் நாள் இதைச் சொன்னபோது கோபம்தான் வந்தது. காசு கொடுத்து எதற்கு ஏறுநெற்றி வாங்க வேண்டும் என்று கேட்டேன். "சார், உங்க வயசுக்கு முடி வைங்க, உங்க ஆசைக்கு வைக்காதீங்க" என்றார். அவர் சொன்னபடி வைத்ததால்தான் இத்தனை ஆண்டுகள் தெருவில் யார் கண்ணும் என் நெற்றியில் தங்கவில்லை.

வைத்த பிறகுதான் வேலையே. இந்த முடிக்கு வேர் கிடையாது. தலைத்தோல் சுரக்கும் எண்ணெய் அதைச் சேராது. அதனால் வறண்டு வறண்டு உடையும். வளராது, கொட்டியது கொட்டியதுதான். உப்பளத்து வெயிலில் சில மாதங்களிலேயே செம்பட்டை பாய்ந்துவிடும். உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, பாத்தித் தண்ணீரிலும் வெள்ளைக் குவியல்களிலும் பட்டுக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கும். அங்கே உப்பு வாருகிற ஆண் பெண் எல்லாரும் துணியை முண்டாசாகக் கட்டித் தலையைக் காத்துக்கொள்கிறார்கள். நானும் துண்டைக் கட்டிக்கொள்வேன். ஒட்டுமுடியோடு நான் நிம்மதியாக மூச்சு விடும் இடம் அதுதான், அங்கே யார் தலையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். பசையால் ஒட்டினால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கடைக்குப் போய்க் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, அடியில் வளர்ந்த சொந்த முடியைச் சிரைத்து, கழுவி மீண்டும் ஒட்ட வேண்டும். பசை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தோல் சிவந்து கொப்பளிக்கும். அவர்கள் கிளிப் வைத்துக்கொள்வது நல்லது. இரவில் கழற்றிவிட்டுத் தோலுக்குக் காற்றுப் பட விடுவது எல்லாருக்குமே நல்லது.

இரவில் கழற்ற வேண்டுமென்றால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தமிழ் வீட்டில் ஒருவன் தலை அவனுக்கு மட்டும் சொந்தமானது கிடையாது. பெரியவர்கள் காலில் விழுந்தால் அவர்கள் கை முதலில் நம் உச்சியில்தான் வந்து அமரும். கல்யாணத்தில் அட்சதை தலையில் விழும். தலை தீபாவளிக்கு மாமியார் வீட்டில் விடியற்காலை மணையில் உட்கார வைத்து, மூன்று சொட்டு எண்ணெய் உச்சியில் வைத்து அழுத்துவார்கள். பசைக்கும் எண்ணெய்க்கும் ஆகவே ஆகாது. கோயிலில் சடாரி வைக்கும்போது உலோகம் தலையில் படும். குழந்தையைத் தோளில் ஏற்றினால் அது பிடிமானத்துக்கு முடியைத்தான் கொத்தாகப் பிடிக்கும். ஒட்டுமுடி அணிந்தவன் இந்த ஒவ்வொரு கைக்கும் பயப்படுகிறான். ஆசீர்வாதம் வாங்கக் குனியும்போது உள்ளுக்குள் நடுங்குகிறான். என்னைப் போன்ற ஒருவர் தன் மகளைத் தோளில் ஏற்றியதே இல்லை என்று ஒருமுறை கடையில் காத்திருக்கும்போது சொன்னார். மகள் அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதைத் தாண்டியிருந்தாள். வழுக்கை அவரிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. தெரிந்துவிடுமோ என்ற பயம் பறித்துவிட்டது.

எல்லாவற்றையும்விடக் கடுமையானது அப்பா சாவு. மகன் முடி இறக்க வேண்டும், அதுவும் பங்காளிகளும் மாமன் மச்சான்களும் சுற்றி நிற்க. என் அப்பாவின் கருமாதி எங்கள் கடற்கரையில் நடந்தது. முடி இறக்க வந்தவர் அப்பாவுக்கு வாழ்நாளெல்லாம் முடிவெட்டியவர். கிண்ணத்தில் தண்ணீரோடு முன்னால் குந்தியவர் என் தலையைத் தொட்டதுமே கையை எடுத்துவிட்டார். விரலுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் குனிந்து, "தம்பி, எப்படிச் செய்யலாம்?" என்று காதோரம் கேட்டார். "நானே எடுத்துத் தரேண்ணே" என்றேன். விளிம்பில் நகத்தைக் கொடுத்துத் தூக்கினேன். டேப் தோலை விட்டு வருகிற சத்தம் எனக்குக் கடலலையைவிடப் பெரிதாகக் கேட்டது. அவர் தன் தோள் துண்டை மடியில் விரித்து, கைப்பிள்ளையை வாங்குவதுபோல் அதை இரண்டு கையாலும் வாங்கி, மணல் படாமல் மூடி வைத்தார். பிறகு காதோரமும் பிடரியிலும் இருந்த என் சொந்த முடியை மழித்தார். கூட்டத்தில் ஒரு சிரிப்போ முணுமுணுப்போ எழவில்லை. அத்தை மட்டும் முன்னால் வந்து ஈரத் தலையைத் தடவி, "உங்கப்பன அப்படியே உரிச்சு வச்சிருக்குடா" என்று அழுதார். அப்பாவுக்கும் இதே வழுக்கை. அவர் கடைசிவரை ஒரு துண்டோடு காலம் தள்ளினார்.

அந்தத் தொழிலாளியின் மரியாதையை நான் நினைக்காத மாதம் இல்லை. எத்தனையோ படித்தவர்களுக்கு வராத நாகரிகம் அது. ஒருவன் உடம்பைப் பற்றிய ரகசியம் தன் விரலுக்குத் தெரிந்துவிட்டால் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை.

திருக்கண்ணபுரத்தில் வேறொரு கதை சொல்வார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கும் அந்தக் கோயிலில் பெருமாளுக்குச் சௌரிராஜன் என்று பெயர். அர்ச்சகர் அரசனுக்குக் கொடுத்த மாலையில் ஒரு நீள முடி இருந்துவிட்டது. மாலை அதற்கு முன் அவர் காதலித்த பெண்ணின் கூந்தலில் இருந்து வந்தது. அரசன் கேட்கவும், அது பெருமாளின் முடி என்று உயிர்ப் பயத்தில் சொல்லிவிடுகிறார். நாளை வந்து பார்க்கிறேன் என்கிறான் அரசன். பக்தனைக் காப்பாற்றப் பெருமாள் தலையில் முடி வளர்த்து நிற்கிறார். வந்த அரசனுக்குக் கண்ணால் பார்த்தும் திருப்தி இல்லை. ஒட்டியிருப்பார்களோ என்று பிடித்து இழுக்கிறான். இரத்தம் வருகிறது.

அந்த அரசனின் கை இன்றுவரை நம்மிடம் இருக்கிறது. கல்லூரி விடுதியில், அலுவலகத்தில், கல்யாணப் பந்தியில், ஒருவன் மேல் சந்தேகம் வந்துவிட்டால் இழுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று யாராவது ஒருவருக்குக் கை துறுதுறுக்கிறது. தமிழ் சினிமாவும் இதை வளர்த்துவிட்டது. சண்டையில் டோப்பா கழன்று விழுந்து வில்லனின் ஆள் தலையைப் பொத்திக்கொண்டு ஓடும் காட்சி எத்தனை படத்தில் வந்திருக்கும்! அரங்கம் சிரித்து முடிக்கும்போது, இருட்டில் உட்கார்ந்திருக்கும் எத்தனை பேர் தங்கள் உச்சியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள் என்று அந்தக் காட்சியை எழுதியவர்கள் ஒருமுறையாவது யோசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இத்தனைக்கும் ஒட்டுமுடி இல்லாமல் நம் சினிமாவே இல்லை. கதாநாயகர்களின் புகழில் பாதியைக் கட்டியது ஒப்பனையாளர்களின் முடிதான்.

ரஜினிகாந்த் திரைக்கு வெளியே வழுக்கையும் வெள்ளைத் தாடியுமாக மேடை ஏறுவது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன். ஒட்டுமுடி நடிப்புக்கான உடை, அவ்வளவுதான் என்று அவர் ஒரு வார்த்தை பேசாமலே சொல்லிவிட்டார். சத்யராஜ் முடி இல்லாத தலையை மறைக்காமலே நடித்த படங்கள் உண்டு. பாகுபலியின் கட்டப்பாவாக அந்தத் தலையோடுதான் 2015-இல் நாடு முழுவதும் தெரிந்தார். அதற்கு முந்தைய தலைமுறையில் எம்.ஜி.ஆர். பிற்காலம் முழுக்க வெள்ளைத் தொப்பி இல்லாமல் வெளியே வந்ததில்லை. அவரையும் நான் குறையாகச் சொல்ல மாட்டேன். தன் முகம் மக்கள் மனதில் எப்படி நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்கு இருந்தது. ஆனால் ஒன்று: ரஜினி வழுக்கையோடு வந்தால் எளிமை என்று கொண்டாடும் கூட்டம், மரக்காணம் பேருந்தில் ஏறும் இளைஞன் அதே தலையோடு வந்தால் சொட்டை என்று கூப்பிடுகிறது. உச்சத்தில் இருப்பவருக்கு அந்தத் துணிச்சல் கட்டுப்படியாகும். மாசச் சம்பளக்காரனைப் பார்த்து "அவரைப் பார்த்துக் கத்துக்கோ" என்பது நியாயமில்லை. இங்கிலாந்தில் 2022-இல் ஒரு தொழில் தீர்ப்பாயம், வேலையிடத்தில் எலெக்ட்ரீஷியன் ஒருவரை வழுக்கை என்று வைததைப் பாலினம் சார்ந்த துன்புறுத்தல் என்று தீர்ப்பளித்தது. வழுக்கை பெரும்பாலும் ஆண்களுக்கே வருவதால் அந்த வசை ஆண் என்பதற்காக விழுந்த வசை என்பது அதன் வாதம். நம் ஊரில் அதைப் படித்தவர்கள் வேடிக்கைச் செய்தியாகப் படித்தார்கள். எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை.

அணிகிறவன் மறைக்கும்போது கூடவே வேறு சிலரும் மறைந்துபோகிறார்கள். என் தலையில் இருப்பது யாருடைய முடி? திருமலை கல்யாணகட்டாவில் இறக்கப்படும் முடி தரம் பிரிக்கப்பட்டு ஏலத்துக்குப் போகிறது. தேவஸ்தானத்துக்கு ஆண்டுக்கு நூறு கோடி ரூபாய்க்கு மேல் தரும் வருமானம் அது. தலையிலிருந்து நேராக மழித்த முடிக்கு வேர்ப்பக்கம், நுனிப்பக்கம் ஒரே திசையில் இருப்பதால் சிக்கு விழாது, விலையும் அதிகம். இன்னொரு வழி, தெருவில் "முடி இருந்தா குடுங்கம்மா" என்று கூவி வருபவரிடம் பெண்கள் சீப்பில் சேர்ந்த முடிப்பந்தைக் கொடுத்துப் பாத்திரமோ சில்லறையோ வாங்கிக்கொள்கிறார்களே, அது. அந்தச் சிக்கு முடி கர்நாடகத்தின் கொப்பள் பக்கமும் வங்கத்தின் முர்ஷிதாபாத் பக்கமும் போய், கூலிக்கு உட்காரும் பெண்களின் விரல்களில் ஒவ்வொன்றாகப் பிரிபடுகிறது. தலை குனிந்து நாளெல்லாம் தூசியில் செய்யும் வேலை. வேரும் நுனியும் தலைகீழாகக் கலந்துவிட்டதால் அமிலத்தில் போட்டு மேல்செதிலை அகற்றி, சிலிக்கோன் பூசி மினுக்குவார்கள். பத்துத் தடவை அலசினால் அந்த மினுக்குப் போய்விடும். நம் நாட்டு முடி பெருமளவு சீனாவின் சிங்தாவ், சுசாங் பட்டறைகளுக்குப் போய் முடிச்சிடப்பட்டு, பேட்ச்சாகச் சென்னைக்கே திரும்பி வருகிறது. கச்சா முடி இப்படிக் கைநழுவுகிறது என்ற புகாருக்குப் பிறகு 2022 ஜனவரியில் ஒன்றிய அரசு அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது.

2004-இல் இந்த முடி உலகச் செய்தியானது. மணமான யூதப் பெண்களில் வைதிகர்கள் சொந்த முடியை மூடி ஒட்டுமுடி அணிவார்கள். அதில் திருப்பதி முடி இருக்கிறது, அது வேற்றுத் தெய்வத்துக்கு நேர்ந்தது, அணியக் கூடாது என்று ஜெருசலேமின் மூத்த ரப்பி ஒருவர் தீர்ப்புச் சொல்ல, அங்கேயும் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலும் தெருவில் ஒட்டுமுடிகளைக் குவித்து எரித்தார்கள். அவர்கள் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் தலையில் வைக்கும் முடிக்குப் பின்னால் ஒரு மனுஷியின் வேண்டுதல் இருக்கிறது என்பதை மதித்து அவர்கள் கேள்வி கேட்டார்கள். நாம் கேட்பதே இல்லை. மகனுக்குக் காய்ச்சல் தணிய வேண்டும் என்று இடுப்பு வரை வளர்ந்த கூந்தலைக் கொடுத்துவிட்டு வந்த யாரோ ஒருத்தியின் முடியோடு நான் மரக்காணம் போய் வருகிறேன். அவளுக்கு அதிலிருந்து ஒரு பைசா போகவில்லை. இது என்னை நிம்மதியாக இருக்க விடுவதில்லை. காணிக்கை முடிப் பணத்தில் ஒரு பங்கு ஏழைப் பெண்களின் புற்றுநோய் சிகிச்சைக்கும், சிகிச்சையில் முடி இழந்தவர்களுக்கு இலவச ஒட்டுமுடிக்கும் என்று ஒதுக்கப்பட்டால், நீலாதேவிக்குக் கொடுத்த வாக்கு அர்த்தத்தோடு நிறைவேறும் என்று நினைக்கிறேன்.

ஒட்டுமுடியை வெளிச்சத்திலேயே அணிந்து மரியாதை வாங்கும் ஓர் இடம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. விழுப்புரம் பக்கத்துத் திரௌபதியம்மன் திருவிழாக்களில் கூத்துக் கட்டும்போது, பாஞ்சாலி வேஷக்காரர் ஒப்பனைக் கொட்டகையில் நீள முடியைப் பொருத்திக்கொள்வதைச் சிறுபிள்ளைகள் கீற்று இடுக்கில் எட்டிப் பார்ப்பார்கள். அவர் ஊருக்குத் தெரிந்த ஆண். காலையில் வயலில் நின்றவர். படுகளத்தன்று களிமண்ணால் செய்த துரியோதனன் கிடக்க, சபதம் முடிந்த கூந்தலைப் பூ வைத்து முடிக்கும்போது, இரவெல்லாம் விழித்த பெண்கள் கண்ணீரோடு கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அது அவர் முடி இல்லை என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததால் பக்தியில் ஒரு இம்மி குறையவில்லை. தெரிந்தும் ஏற்கும் அந்த மனம் நம் மண்ணிலேயே இருக்கும்போது, அலுவலகத்திலும் பெண் பார்க்கும் இடத்திலும் அதை ஏன் நாம் எடுத்து வருவதில்லை?

பெண் பார்ப்பதைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மும்பையை ஒட்டிய மீரா ரோட்டில் 2020-இல் ஒரு பெண், கணவன் வழுக்கையை மறைத்துக் கல்யாணம் செய்துகொண்டான் என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். மணமேடையில் ஒட்டுமுடி கழன்று கல்யாணம் நின்ற செய்திகள் வடக்கிலிருந்து அவ்வப்போது வருகின்றன. அவற்றைப் படித்துவிட்டு, ஒரு முடிக்காகவா என்று அந்தப் பெண்களைத் திட்டுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். வாழப்போகிறவளிடம் மறைத்தது ஏமாற்று. முடியின் அளவை வைத்து அதைச் சின்னதாக்கக் கூடாது. தெருவில் போகிறவருக்கு என் தலையைப் பற்றிச் சொல்ல எனக்குக் கடமை இல்லை. ஒரே கூரையின் கீழ் தூங்கப் போகிறவளுக்கு உண்டு. நான் நிச்சயத்துக்கு முன்பே சொன்னேன். அவர்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சு ஓடியது என்று பிறகு தெரிந்தது. என் மனைவி கேட்டது ஒரே ஒரு கேள்வி: ராத்திரி வலிக்குமா? இன்று டேப் வெட்டுவது அவர்தான். பின்பக்க விளிம்பு எனக்குக் கண்ணுக்குத் தெரியாது.

எனவே அணிகிறவர்களுக்கும் அணிய நினைக்கிறவர்களுக்கும் என் வார்த்தை இது. தாராளமாக அணியுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் வயதுக்கு அணியுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள், சம்பந்தம் பேசுகிறபோது அந்தப் பெண்ணிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரவில் கழற்றி வையுங்கள், பிள்ளைகளைத் தோளில் ஏற்றுங்கள். மற்றவர்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒருவர் தலையில் இருப்பது ஒட்டுமுடி என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால், தெரிந்ததாக இருக்கட்டும். சபையில் கேட்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் கண் காட்டாதீர்கள், இழுத்துப் பார்க்கக் கை நீட்டாதீர்கள்.